பெயரில்லாச் சர்வாதிகாரி

குவாத்தமாலாவை 1898 முதல் 1920 வரை ஆண்ட எஸ்திராடா கப்ரேராவின் எதேச்சாதிகாரத்தைப் பகைப்புலமாகக் கொண்டது, மிகுவேல் அங்கெல் அஸ்தூரியாஸின் 'சனாதிபதி அவர்கள்' (1946) என்னும் நாவல். இதில் சர்வாதிகாரிக்குப் பெயரில்லை. கேணல் ஒருவரைக் கொன்றவன் சித்தசுவாதீனமற்ற பிச்சைக்காரன். ஆயினும், சனாதிபதிக்கு வேண்டாதோரே கொலையாளிகள் எனச் சாட்சி கூறுமாறு ஏனைய பிச்சைக்காரர் வதைக்கப்படுகின்றனர். மறுத்த குருடன் மாண்டுபோகிறான், மற்றையோர் இசைகின்றனர். துப்பாக்கி மட்டுமே போதுமாயின் பொய்ச்சாட்சி எதற்கு? கொடுங்கோன்மைக்கும் சட்டத்தின் சாயல் வேண்டும். அச்சாயலை அது ஆளப்படுவோரின் நாவிலிருந்தே பறித்தெடுக்கிறது. இதனை உணர்த்துவதே நாவலின் வெற்றி.

எனினும், குறைபாடொன்றைச் சுட்டாதிருத்தல் இயலாது. கப்ரேராவின் ஆட்சியில் அமெரிக்க யுனைற்றட் புரூட் கம்பனி பெருஞ்சலுகைகளைப் பெற்றது. அச்சத்தைத் துல்லியமாகத் தீட்டிய நாவல், அவ்வச்சத்தால் இலாபமடைந்தோரைத் தெளிவாகக் காட்டவில்லை. 1950 இல் தொடங்கிய வாழைத்தோட்ட நாவல்களிலேயே ஆசிரியர் அப்பணியை முழுமையாக மேற்கொண்டார்.

கப்ரேரா வீழ்ந்து பதினோராண்டுகளில் ஊபிகோவின் சர்வாதிகாரம் (1931–1944) எழுந்தது. ஆள் மாறினும் அமைப்பு மாறவில்லை. பெயரற்ற அச்சனாதிபதி நாவலின் முடிவிலும் பதவியில் நிலைத்திருப்பது அவ்வுண்மையையே உணர்த்துகின்றது.