பாலுவின் பயம்

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998-ல் வந்தது. 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இந்தச் சாரல் சமயத்தில் திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை என் கவனமெல்லாம் பாலு என்ற சிறுவன் மேலேயே இருந்தது.

கதை நடப்பது 1930களின் கடைசியில், கோட்டயத்தில். தென்காசிக்காரனுக்கு அது ரொம்பத் தூரத்து உலகம் கிடையாது. பக்கத்துச் செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது.

பாலுவின் வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. அப்பா எஸ்.ஆர்.எஸ்., உடம்புக்கு முடியாத அம்மா, கூடப் பிறந்த ரமணி, வந்துபோகிற உறவுக்காரர்கள். அப்படியும் பையன் தனியாகத்தான் இருக்கிறான். மனசில் இருப்பதைக் கேட்க அவனுக்கு ஒரு ஆள் கிடையாது. பெரியவர்களின் முகத்தையும் பாதியில் நின்ற பேச்சையும் வைத்து மீதியை அவனே ஊகித்துக்கொள்கிறான். அந்த ஊகம்தான் பயமாக வளர்கிறது.

எஸ்.ஆர்.எஸ். கொடுமைக்காரர் அல்ல. ஒழுங்கை நம்புகிறவர், மகன் மேல் அக்கறை உள்ளவர். நாவலின் பலமே இதுதான் என்பேன். சீசன் நேரத்தில் ஐந்தருவியில் நின்று பாருங்கள். 'ஒண்ணும் செய்யாதுல, நில்லு' என்று யாராவது ஒரு அப்பா பிள்ளையைத் தண்ணிக்குள் இழுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது குளியல். அவர் இடுப்புயரம்கூட இல்லாத பிள்ளைக்கு, வானமே இடிந்து தலையில் விழுகிற மாதிரி. அவன் அலறுவான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவின் அன்பும் நிஜம், பிள்ளையின் பயமும் நிஜம். சுந்தர ராமசாமி இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறார்.

குறையும் உண்டு. பெரியவர்களின் அரசியல், சீர்திருத்தப் பேச்சு நீளும்போது பாலு பல பக்கங்களுக்குக் காணாமல் போகிறான். அங்கே நாவல் தொய்கிறது. தலைப்பில் குழந்தைகளுக்குக் கொடுத்த முதலிடத்தை உள்ளேயும் தொடர்ந்து கொடுத்திருக்கலாம்.

நம்ம பக்கம் 'அப்பான்னா அவனுக்கு ஒரே பயம்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு என்ன விலை என்று இந்த நாவலில் தெரிகிறது. பயந்த பிள்ளை ஒன்று பொய் சொல்லும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். எப்படியானாலும் தன் பிள்ளை யாரென்று அப்பாவுக்குத் தெரியாமலே போய்விடும்.

வீட்டில் எட்டு, பத்து வயசுப் பிள்ளை இருந்தால், பாலு வருகிற பகுதிகளையாவது வாசித்துப் பாருங்கள். முக்கியமாக, நல்ல அப்பாக்கள்.