காவல் இருந்த இருதயம்

சபையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வசனம் மனப்பாடம். நீதிமொழிகள் நான்காம் அதிகாரம், 23ஆம் வசனம். மற்ற எதையும்விட இருதயத்தைத்தான் கவனமாகக் காக்க வேண்டும், வாழ்வு ஊறி வருவது அங்கிருந்துதான் என்பது அதன் சாரம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. சினிமா பாட்டு கேட்காதே, அந்தப் பையனோடு சுத்தாதே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கும் மெசேஜ் போடாதே. காவல் என்றால் வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது.

ஒருமுறை எங்களில் ஒருவனுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். பெயரைச் சொல்லவில்லை. "நம்ம மத்தியில ஒரு தம்பி சோதனையில விழுந்திருக்காரு, பாரத்தோட ஜெபிப்போம்" என்றார்கள். பெயர் தேவைப்படவும் இல்லை. அந்த நேரத்தில் யார் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நானும் முழங்கால் போட்டேன். உருக்கமாகத்தான் ஜெபித்தேன். அவன் அடுத்த வாரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

பல வருடம் கழித்து மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' நாவலை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரசங்கக் காட்சியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பையனின் பின்னங்கழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

2004இல் வெளிவந்து அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் இது. கதை நடப்பது 1956இல், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கிலியட் என்கிற சிற்றூரில். நம் வேதாகமத்தில் கீலேயாத் என்று வரும் அதே பெயர்தான். ஜான் ஏம்ஸ் 76 வயது போதகர். இருதய நோயில் மெல்லச் செத்துக்கொண்டிருப்பவர். ஏழு வயதைத் தொடப்போகும் தன் மகன் பெரியவனானதும் படிக்கட்டும் என்று எழுதும் நீண்ட கடிதம்தான் நாவல். காக்கவேண்டிய இருதயமே பழுதாகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனிடம் ராபின்சன் கதையைக் கொடுத்திருக்கிறார். ஆனால் இதை அவர் எங்கும் அழுத்திச் சொல்வதில்லை.

ஏம்ஸின் உயிர் நண்பர் பௌட்டனும் போதகர்தான். அவருடைய மகன் ஜாக் இருபது வருடம் கழித்து வீடு திரும்புகிறான். கல்லூரிக் காலத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கைவிட்டுப் போனவன். அந்தக் குழந்தை காலில் பட்ட காயம் புரையோடி, மூன்று வயது வாக்கில் இறந்துபோனது. ஏம்ஸின் முதல் மனைவியும் பெண் குழந்தையும் பிரசவத்தின்போது இறந்தவர்கள். தனக்குக் கிடைக்காமல் போனதை இவன் தூக்கியெறிந்தான் என்பதை ஏம்ஸால் மன்னிக்க முடியவில்லை. இப்போது அவன் தன் இளம் மனைவியோடு சகஜமாகப் பேசுகிறான், மகனோடு விளையாடுகிறான். தான் போனபிறகு தன் இடத்தில் இவன் வந்து உட்கார்ந்துவிடுவானோ? மனைவியை எச்சரிக்கலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவரைப் பொறுத்தவரை இது ஒரு தகப்பனின் காவல். படிக்கிற நமக்குத்தான் அதற்குள் ஓடும் பொறாமை தெரிகிறது. தன் இருதயத்தை இத்தனை உன்னிப்பாகக் கவனிக்கும் மனிதர், வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூச்சி உள்ளேயே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக் ஆராதனைக்கு வந்து அவர் மனைவிக்கும் மகனுக்கும் பக்கத்தில் உட்காருகிறான். அன்றைய பிரசங்கம் ஆகார், இஸ்மவேல் பற்றியது. எழுதி வைத்ததை விட்டு விலகி, பிள்ளைகளைக் கைவிடும் தகப்பன்மார்களைப் பற்றி ஏம்ஸ் பேசிவிடுகிறார். ஜாக்கின் முகம் வெளுத்துப்போகிறது. அவனை நினைத்துப் பேசவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நான் நம்பவில்லை. அவரும் முழுசாக நம்பியிருக்கமாட்டார். அதே நாட்களை பௌட்டன் வீட்டுக்குள்ளிருந்து சொல்லும் 'ஹோம்' (2008) நாவலையும் சேர்த்துப் படித்தால், அந்தச் சில நிமிடம் ஒருவனை எவ்வளவு ஆழமாகக் குத்தியது என்பது புரியும்.

இந்த இடத்தில் நாத்தானை நினைக்காமல் இருக்க முடியாது. உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் போகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்ததும், அந்த ஆள் நீதான் என்கிறார். மென்மையாகக் கண்டிப்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் நாத்தான் கதைக்குள் சுற்றி வந்தது எதிரே இருந்தவன் ராஜா என்பதால். அவன் நினைத்தால் தலை போய்விடும். கடைசியில் நேருக்கு நேர் சொல்லவும் சொன்னார். பிரசங்க மேடையில் நிற்பவர் கீழே உட்கார்ந்திருப்பவனைப் பற்றிச் சாடைமாடையாகப் பேசுவது வேறு வகை. அவன் எழுந்து பதில் சொல்ல முடியாது. குரல் தாழ்ந்திருந்தால் மட்டும் அது சாந்தமாகிவிடாது. எங்கள் ஜெபக் கூட்டத்திலும் யாரும் குரலை உயர்த்தவில்லை.

தவறில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு நிமிர்த்தச் சொல்லும் பவுல், கலாத்தியருக்கு எழுதும்போது, அதே மூச்சில் உன்னையும் பார்த்துக்கொள் என்கிறார். காவலும் கண்டிப்பும் அங்கே ஒரே வேலை. ஏம்ஸ் அதற்கு வந்துசேர நாவலின் கடைசிப் பகுதி தேவைப்படுகிறது. ஒருநாள் ஜாக் தேவாலயத்தில் அவரைத் தேடி வந்து ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறான். ஒரு கறுப்பினப் பெண், ஒரு சிறுவன், கூடவே அவன். டெல்லா அவன் மனைவி, சிறுவன் அவன் மகன். ஆனால் அவர்கள் வாழ்ந்த மிசூரியில் அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டங்களை ரத்து செய்தது 1967இல்தான். ஐயோவாவில் அந்தத் தடை இல்லை என்பதால், இவர்களைக் கிலியட்டுக்கு அழைத்து வரலாமா என்று பார்க்கத்தான் அவன் வந்திருக்கிறான். திருட வந்தவன் என்று நினைத்தவன் தங்க இடம் கேட்க வந்தவன்.

ஊரை விட்டுப் போகும் நாளில், பேருந்துக்குக் காத்திருக்கும் அவன் நெற்றியில் கை வைத்து ஏம்ஸ் ஆசீர்வதிக்கிறார். முழுப் பெயரையும் சொல்லி ஆசீர்வதிக்கிறார். ஜான் ஏம்ஸ் பௌட்டன். ஆமாம், நண்பர் தன் மகனுக்கு இவர் பெயரைத்தான் வைத்திருந்தார். ஞானஸ்நானம் கொடுக்கும் நேரத்தில்தான் இவருக்கே அது தெரியவந்தது. இவன் என் பிள்ளை இல்லையே என்று அன்று உள்ளுக்குள் உறைந்துபோனதை முன்பே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருப்பார். நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து அதே பெயரை மனதாரச் சொல்கிறார். பழைய பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைப் போய் கண்டிப்பு என்று சொல்லலாமா என்று கேட்டால், ஏம்ஸ் தன்னைத்தான் கண்டித்துக்கொள்கிறார் என்பேன்.

இவ்வளவு சொன்னபிறகும் எனக்கு இந்த நாவலோடு ஒரு சண்டை இருக்கிறது. கிலியட் ஒருகாலத்தில் அடிமை முறையை எதிர்த்தவர்களின் ஊர். ஏம்ஸின் தாத்தா கான்சாஸில் ஜான் பிரவுனுக்குத் துணை நின்ற போதகர். ஆனால் 1956இல் அங்கே கறுப்பினத்தவர் யாரும் இல்லை. அவர்களுடைய தேவாலயத்துக்கு யாரோ தீ வைத்தார்கள், அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஏம்ஸ் இதைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். சின்னத் தீதான், ரொம்ப காலம் முந்தி நடந்தது என்கிற தொனி. ஜாக்கின் ஒரு பாவத்துக்கு எத்தனை பக்கம், இதற்கு எத்தனை வரி! ஊரின் பாவத்திடம் அவர் காட்டிய சாந்தத்துக்கு மௌனம் என்றுதான் பெயர். ராபின்சன் இதைத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று ஒரு வாசிப்பில் தோன்றியது. அடுத்த வாசிப்பில், ஏம்ஸின் மீதுள்ள பிரியத்தில் அவரும் இந்த இடத்தைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டாரோ என்று தோன்றியது. இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

ஜாக் தன் மனைவியையும் மகனையும் அழைத்து வராமலே அந்தப் பேருந்தில் ஏறிப் போகிறான். அவர்கள் இங்கே வந்து வாழலாமா என்ற கேள்விக்கு கிலியட்டில் யாரும் 'வா' என்று சொல்லவில்லை. ஏம்ஸும் சொல்லவில்லை.