மெதுவாக மூச்சு விடுங்கள், சுகமாக இருங்கள்!

ஆஸ்துமா உள்ளவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நல்ல பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போலிருக்கிறது எனக்கு. மூட்டுவலிக்கும் பக்கவாதத்துக்கும் மட்டுமல்ல, மூச்சுக்கும் பிசியோதெரபி உண்டு. அது எனக்குத் தந்திருக்கும் நிம்மதியைச் சொல்லி மாளாது!

இழுப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாயைத் திறந்து, தோளைத் தூக்கி, வேகவேகமாகக் காற்றை இழுக்கிறோம். ஆனால் ஆஸ்துமாவில் பெரிய சிக்கலே காற்று வெளியே போவதில்தான். சுருங்கிய மூச்சுக்குழாய்கள் வழியே பழைய காற்று முழுசாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுத்துவிடுகிறோம். நெஞ்சு ஊதிப்போய் நிற்கிறது. மூச்சுக்கு முக்கியத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிட, கழுத்தும் தோளும் அதன் வேலையைச் சுமந்து களைத்துப்போகின்றன. இதை என் பிசியோதெரபிஸ்டான இளம்பெண் படம் போட்டு விளக்கியபோதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

முதல் பாடம் வயிற்று மூச்சு. சாய்ந்து உட்காரவைத்து, என் ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை வயிற்றிலும் வைக்கச் சொன்னார். "மேல் கை அசையக்கூடாதுக்கா. கீழ் கைதான் ஏறி இறங்கணும். பெருசா இழுக்க வேண்டாம், சின்னதா போதும்" என்றார். மூக்கால் இழுத்து, இழுத்த நேரத்தைவிட நிதானமாக வெளியே விடவேண்டும். கீழ் கை மட்டும் மெல்ல எழுந்து தாழ்ந்த அந்தக் கணம், அப்பப்பா, என்ன ஒரு சுகம்!

ஏன் மூக்கு? உள்ளே போகும் காற்றை அது வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. வாயால் இழுத்தால் வறண்ட குளிர்காற்று நேரே போய்க் குழாய்களைச் சீண்டும். மார்கழிப் பனியில் வாக்கிங் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அடுத்தது உதடு குவித்து ஊதுவது. சூடான காபியை ஆற்றுவதுபோல மெல்ல ஊதினால், குழாய்க்குள் லேசான அழுத்தம் நின்று அது சட்டென்று மூடிக்கொள்ளாது. மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் நான் தினமும் இப்படித்தான் ஏறுகிறேன். ஒரு படிக்கு இழுத்து, இரண்டு படிக்கு ஊதி, மேலே போய்ச் சேருகிறேன்!

மூச்சு திணறும்போது உட்காரும் விதமும் முக்கியம். நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, தோள்களைத் தளர்த்திவிடவேண்டும். கைக்குத் தாங்கல் கிடைத்தாலே மூச்சு எளிதாகிறது.

இதெல்லாம் நேற்று முளைத்த வித்தையும் அல்ல. மூச்சைக் குறைத்து மூக்கால் விடும் முறையை 1950களில் சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டின் புட்டெய்கோ வகுத்தார். 1960களில் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் வயிற்று மூச்சையும் உடல் தளர்த்தலையும் சேர்த்து ஒரு முறை உருவானது. 2018-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 655 பிரிட்டிஷ் நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒரு குழு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றது, ஒரு குழு டிவிடி பார்த்துக் கற்றது, இன்னொரு குழு வழக்கமான சிகிச்சையோடு நின்றது. பயிற்சி எடுத்த இரு குழுவினருக்கும் அன்றாட வாழ்க்கைத் தரம் கூடியது. நுரையீரல் அளவீடுகளில் மட்டும் மாற்றமில்லை.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: பயிற்சி மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது இன்ஹேலர்தான். அதை நிறுத்தவே கூடாது. ஒரு வாக்கியம் முழுசாகப் பேசமுடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் அடங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

மற்ற நாட்களில் இந்தப் பயிற்சிக்கு ஒரு நாற்காலியும் கொஞ்சம் பொறுமையும் போதும். அடுத்தமுறை செக்கப்புக்குப் போகும்போது, "எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள்!