லீவு முடிகிற வாரம்

கடற்கரையில் விடுமுறை கழிக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தால், நம்மில் பலருக்குப் பத்தாவது வரியிலேயே பயம் பிடித்துக்கொள்கிறது. மணல், காற்று, குழந்தைகள், வெயில், சரி, அப்புறம்? வாசகர் கேட்பதற்கு முன்னால் நாமே கேட்டுக்கொண்டுவிடுகிறோம். உடனே யாரையாவது அலை இழுத்துக்கொண்டு போகிறது. இல்லாவிட்டால் பழைய காதலன் வேர்க்கடலைப் பொட்டலத்துடன் எதிரே வந்து நிற்கிறான். சும்மா இருக்கும் ஒரு நாளைச் சும்மா விட்டுவைக்க நம் கதைகளுக்குத் தைரியம் போதவில்லை என்பது என் அபிப்பிராயம்.

காதரின் மான்ஸ்ஃபீல்டுக்கு அந்தத் தைரியம் இருந்தது. 1922-ல் வெளியான ‘அட் தி பே’ என்ற நீண்ட கதையைச் சொல்கிறேன். நியூஸிலாந்தில் கோடைக்காகக் கடலோரம் வந்து தங்கியிருக்கும் ஒரு குடும்பம். விடியுமுன் மூடுபனியில் ஆட்டுமந்தை போவதில் ஆரம்பித்து, இரவு நிலவோடு முடிகிறது. பதின்மூன்று பகுதிகள், ஒரே நாள். ஒரு நண்பருக்குப் படிக்கக் கொடுத்தேன். “எல்லாம் நன்றாயிருக்கிறது ஐயா, கதை எங்கே?” என்று புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜொனாதன் ட்ரௌட்டிடம் இருக்கிறது கதை. அவனும், குடும்பத் தலைவனான ஸ்டான்லியும் சகலைகள். காலையில் கடலில் முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று ஸ்டான்லி ஓடுகிறான். ஜொனாதன் ஏற்கெனவே தண்ணீரில் கிடக்கிறான். ராத்திரி கண்ட கனவைச் சொல்ல வேறு ஆரம்பிக்கிறான். ஸ்டான்லிக்கு எரிச்சலான எரிச்சல். அவனுக்குக் குளிப்பதும் ஆபீஸ் காரியம்தான். அவன் கைத்தடியைக் காணோம் என்று வீட்டையே உலுக்கிவிட்டு வண்டி ஏறிப் போனதும் பெண்கள் எல்லாரும் ‘அப்பாடா’ என்று மூச்சு விடுகிறார்களே, அந்த மூச்சு நம் வீடுகளிலும் காலை ஒன்பதரை மணிக்குக் கேட்பதுதான்.

சாயங்காலம், பிள்ளைகளை அழைத்துப் போக வந்த ஜொனாதன், தோட்டத்தில் மைத்துனி லிண்டாவுடன் பேசுகிறான். திங்கட்கிழமை மறுபடி ஆபீஸ். அடுத்த லீவுக்கு இன்னும் பதினொரு மாதமும் ஒரு வாரமும் என்று கணக்குச் சொல்கிறான். அந்த ‘ஒரு வாரமும்’ தான் எழுத்து. சாமான்யமான கதாசிரியர் ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். குமாஸ்தாவின் மனசு அப்படிக் கணக்குப் போடாது. அனுபவித்த மூன்று வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் போடும். பூரியிலோ கன்னியாகுமரியிலோ பத்து நாள் தங்கி, ஒன்பதாம் நாள் மத்தியானம் ஈரத்துண்டைக் கொடியில் போடும்போதே ‘நாளைக்குள் காயாவிட்டால் பெட்டியில் எப்படி வைப்பது?’ என்று யோசித்தவர்களுக்கு இது விளங்கும். அன்றைக்குத்தான் கடலும் என்றும் இல்லாத அழகோடு இருந்திருக்கும்.

தன்னை யாரும் சிறை வைக்கவில்லை, தானாக வந்து மாட்டிக்கொண்டோம் என்பதும் ஜொனாதனுக்குத் தெரிகிறது. தெரிந்தும் வெளியேற மாட்டான். லிண்டா அவன் தலையில் நரையைப் பார்க்கிறாள். சம்பவம் அவ்வளவுதான்.

சாவும் இந்தக் கதையில் உண்டு. ஆனால் பகல் தூக்க வேளையில், பாட்டியும் பேத்தியும் பேசிக்கொள்ளும் பேச்சாக வருகிறது. என்றோ இறந்துபோன மாமாவைப் பற்றிக் கேட்ட கெஸியா, ‘நீ சாகவே கூடாது’ என்று பாட்டியிடம் சத்தியம் வாங்கப் பார்க்கிறாள். முத்தமும் கிச்சுக்கிச்சும் சிரிப்புமாகி, எதற்காகக் கெஞ்சினோம் என்பதே இருவருக்கும் மறந்துபோகிறது. நம்மவர் கையில் இது அகப்பட்டிருந்தால் அடுத்த அத்தியாயத்தில் பாட்டியைப் பாடையில் ஏற்றாமல் விட்டிருக்கமாட்டார்.

மான்ஸ்ஃபீல்டு இதை 1921-ல் ஸ்விட்ஸர்லாந்தில், மலைமேல் இருந்துகொண்டு எழுதினார். காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. 1908-ல் விட்டு வந்த நியூஸிலாந்துக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. 1923 ஜனவரியில் 34-வது வயதில் காலமானார். இத்தனை இருந்தும் தம் நோவைக் கதைக்குள் கொண்டுவந்து இறக்கி வைக்கவில்லை.

எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. இரவில் லிண்டாவின் தங்கை பெரிலை, ஹாரி கெம்பர் என்ற மனிதன் தோட்டத்துக்கு அழைக்கிறான். அவளும் ஜன்னல் வழியாக இறங்கிப் போகிறாள். இங்கே மட்டும் பத்திரிகைக் கதையின் வாடை அடிக்கிறது. நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லையே என்று அவருக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியதோ என்னவோ. நல்லவேளையாகப் பெரில் அவன் பிடியைத் திமிறிக்கொண்டு விலகுகிறாள். மான்ஸ்ஃபீல்டும் கூடவே விலகிவிடுகிறார். கடைசிப் பகுதி சில வரிகள்தான்: நிலவை ஒரு மேகம் கடந்து போகிறது, கடல் முனகுகிறது, பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது.