ஆங்கிலக் கவிதையில் முரண்தொடர்

ஒன்றையொன்று மறுக்கும் இரு சொற்களை, ஒன்று மற்றதற்கு அடைமொழியாய் நிற்குமாறு பொருத்தி, அப்பொருத்தத்திலிருந்தே ஓர் உண்மையைப் பிறப்பிக்கும் பிரயோகமாகிய முரண்தொடரை ஆங்கில அலங்கார நூலார் 'ஆக்ஸிமோரான்' என்பர். நம் யாப்பின் முரண்தொடையில் எதிர்ச்சொற்கள் அடியிலும் சீரிலும் எதிரெதிரே நிற்பதோடு அமைகின்றன. இங்கோ அவை ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

இந்தச் சம்பிரதாயம் ஆங்கிலக் காதற்கவிதையில் வேரூன்றியது இத்தாலியின் செல்வாக்கினால். பதினான்காம் நூற்றாண்டில் பெத்ரார்க்கா லாராவை எண்ணிப் பாடிய பாக்களில், எரியும்போதே உறைவது காதலனின் இயல்பாயிற்று. அவற்றுட் சிலவற்றைப் பதினாறாம் நூற்றாண்டில் சர் தாமஸ் வயட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். எலிசபெத் அரசியின் காலத்துக் கவிகளிடம் அது கைப்பழக்கமாகி, விரைவிலேயே உயிரிழக்கவும் தொடங்கியது. 1591இல் அச்சேறிய தம் காதற்பாத் தொடரில், இவ்வகை முரண்களை அடுக்கும் கவிகளினின்று தம் நாயகனைச் சர் பிலிப் சிட்னி விலக்கி நிறுத்தியது இதனாலேயே.

எது போலி, எது மெய் என்பதற்கான உரைகல்லை ஷேக்ஸ்பியர் ஒரே நாடகத்தில் வைத்திருக்கிறார். 'ரோமியோ ஜூலியட்'டின் முதற்காட்சியில், ஜூலியட்டை இன்னும் கண்டிராத ரோமியோ, ரோஸலைன்மீது கொண்ட மையலில் முரண்தொடர்களை மூச்சுவிடாது பொழிகிறான். அவற்றில் பயிற்சி தெரிகிறதேயன்றி வேதனை தெரியவில்லை. மூன்றாம் அங்கத்தில், தன் உறவினனான டிபால்ட்டைக் கொன்றவன் தான் மணந்த ரோமியோவே என்று கேட்ட ஜூலியட்டும் அழகையும் கொடுமையையும், தேவனையும் பேயையும் பிணைத்துப் புலம்புகிறாள். உத்தி ஒன்றே, ஆயினும் இங்கே முரண் சொல்லில் தோன்றுவதற்கு முன்பே நிகழ்ச்சியில் தோன்றிவிட்டது. செவிலி ரோமியோவைப் பழித்த மறுகணமே ஜூலியட்டின் நெஞ்சு கணவன் பக்கம் சாய்கிறது, முரண்தொடர்களும் ஓய்ந்துவிடுகின்றன. அந்த ஓய்வை நான் ஷேக்ஸ்பியரின் மகத்தான நுட்பங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

சமயக் கவிகளின் மரபு வேறு. எல்லையற்ற இறைவன் மாட்டுத்தொழுவத்தில் சிசுவாய்க் கிடந்தான் என்ற விசுவாசமே முரணாதலின், ரிச்சர்ட் க்ராஷா போன்றோருக்கு இவ்வணி தத்துவத்தின் இயல்பான மொழியாயிற்று. இவர்களுக்கு நெருங்கிய கவிகளை, பொருந்தாக் கருத்துகளை வலிந்து கட்டுவோர் என்று டாக்டர் ஜான்ஸன் 1779இல் கண்டித்தார். 1947இல் விமர்சகர் கிளியந்த் ப்ரூக்ஸோ முரணே கவிதைக்குரிய பாஷை என்று வாதாடினார். ஜான்ஸனின் அளவுகோல் குறுகியது. ப்ரூக்ஸின் அளவுகோலோ, முழுக்கவிதையின் முரணையே நோக்குவதால், இரு சொற்களின் நெருக்கத்தைத் தளரவிடுகிறது. 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்க'த்தின் முதற் காண்டத்தில், நரகத்தீ ஒளி தராமல் இருளையே காணத்தக்கதாக்குகிறது என்று மில்டன் காட்டும் இடத்தில், அந்நெருக்கம் முழு வலிமையோடு நிற்கிறது. அங்கு வீழ்ந்தவர்கள் தங்கள் துயரத்தைக் காண்பதற்கு அத்தனை வெளிச்சமே போதுமானதாயிருக்கிறது.