இன்னும் ஒரு வாய்

வாலாஜாபாத் தெருக்களில் சாயங்காலம் நடந்தால் எப்படியும் கண்ணில் படும். இடுப்பில் குழந்தை, கையில் குழையப் பிசைந்த பருப்புச்சோற்றுக் கிண்ணம். காக்காவைக் காட்டி ஒரு வாய், செங்கல்பட்டு பஸ்ஸைக் காட்டி ஒரு வாய். ஊட்டுவது பெரும்பாலும் பாட்டி. இப்படி வேடிக்கை காட்டி ஊட்டக் கூடாது, ஓர் இடத்தில் உட்கார வைத்து ஊட்டுங்கள் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதியில் ஒரு நல்ல வழக்கம் அநியாயமாகத் தண்டிக்கப்படுகிறது.

ஊட்டும் நேரத்தின் உறவு சோற்றுக்கு முன்பே, பாலிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை ஒரே மூச்சாகப் பால் குடிப்பதில்லை. சில உறிஞ்சல், ஓர் இடைவெளி, மறுபடி உறிஞ்சல். அந்த இடைவெளியில் அம்மா தன்னை அறியாமலே குழந்தையை லேசாக அசைத்துக் கொடுப்பாள். அவள் அசைப்பதை நிறுத்தியதும் குழந்தை மறுபடி குடிக்கத் தொடங்கும். அமெரிக்க உளவியலாளர் கென்னத் கே 1970களில் இதை நுணுக்கமாகக் கவனித்து எழுதினார். நீ கொஞ்சம், நான் கொஞ்சம் என்று முறைவைத்துப் பேசிக்கொள்வதன் முதல் பாடம் அது. தெருவில் நடப்பது அதன் அடுத்த வகுப்பு. குழந்தை விரல் நீட்டுகிறது, பாட்டி பெயர் சொல்கிறாள், குழந்தை அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இருவர் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பதில்தான் பேச்சும் நெருக்கமும் வளர்கின்றன.

குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டு ஊட்டுங்கள் என்னும் அறிவுரையும் நம் வீடுகளுக்கு முழுதாகப் பொருந்தாது. பெற்றவள் கண்ணே முதலில் படும் என்று அஞ்சுகிற ஊர் இது. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து 1990இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக், தாய் தன் குழந்தையை ஆசை தீரப் பார்ப்பதற்கே இங்கு தயக்கம் உண்டு என்று பதிவு செய்திருக்கிறார். கண்ணில் காட்டத் தயங்கும் அன்பைக் கை காட்டுகிறது. சூடு பார்த்து, நெய் விட்டு, விரல் நுனியால் உருட்டி வைக்கும் கவளத்தில் அது இருக்கிறது.

குறை வேறு இடத்தில். குழந்தைக்கு வயிறு நிறைந்தால் உதட்டை மூடும், தலையைத் திருப்பும், நாக்கால் வெளியே தள்ளும். சொல் வராத வயதில் அதற்குத் தெரிந்த ‘போதும்’ அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் காக்கா வருகிறது. வியப்பில் வாய் திறக்கிறது, கவளம் உள்ளே போகிறது. மோவாயில் வழிந்ததையும் வழித்து மறுபடி ஊட்டுகிறோம். பாட்டிக்குக் கொடுமை செய்யும் எண்ணம் துளியும் கிடையாது. “என்னடி, புள்ள இளைச்சுப் போச்சே” என்று எதிர்வீட்டிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்கு அவள் பயப்படுகிறாள். ஆனால் தன் மறுப்புக்கு மதிப்பில்லை என்று குழந்தை நாளும் கற்றுக்கொண்டால், பாசத்தோடு ஊட்டியும் உறவில் விரிசல் விழுகிறது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் பால்டிமோரில் 26 குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலிருந்தே தொடர்ந்து கவனித்தார். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் வேகத்துக்கும் விருப்பத்துக்கும் இசைந்து பால் கொடுத்த தாய்மாரின் குழந்தைகளிடமே பெரும்பாலும் ஒரு வயதில் உறுதியான பற்று தெரிந்தது.

காக்காவின் இடத்துக்கு இப்போது செல்போன் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. கவனத்தைத் திருப்பி ஊட்டும் தந்திரம் ஒன்றே. ஆனால் தந்திரத்தோடு வந்த பேச்சு போனில் இல்லை. குழந்தை திரையைப் பார்க்கிறது, ஊட்டுபவர் வாயை மட்டும் பார்க்கிறார். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. என் தீர்ப்பு இதுதான்: நடை இருக்கட்டும், காக்கா இருக்கட்டும், உதடு மூடியதும் கிண்ணம் கீழே இறங்கட்டும்.

அப்படிக் காத்திருந்து ஊட்ட நேரம் வேண்டுமே. காஞ்சிபுரம் வட்டாரத்தில் கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். துணைக்கு உட்கார்ந்த மனைவி குழந்தைக்காக எழுந்தால் தறியே நிற்கும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. ஆனாலும் தூளி பக்கத்திலேயே ஆடுகிறது, அழுகை உடனே காதில் விழுகிறது. வண்டலூர் சாலையில் ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிறவளுக்கு அதுவும் இல்லை. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே கழியலாம். முழுதும் மிச்சம் வைத்தாலும் கணக்கு ஆறு மாதம். குழந்தை முதல் கவளம் சாப்பிடத் தொடங்கும் வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் கிடைக்கிறது. ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு மட்டும் பசி வேறா?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எட்டு மாதக் கைக்குழந்தையை விடியற்காலை ஷிப்ட் பஸ்ஸில் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு யார் தூக்கிப் போவார்கள்? காப்பகம் அவள் பஸ் ஏறும் ஊரில் இருக்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால் சுவரில் வரைந்த பொம்மைகளைப் பார்ப்பதற்கு முன், ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்பேன். பத்து வாய்க்கு ஊட்டுகிறவளால் எந்த உதடு எப்போது மூடியது என்று பார்க்க முடியாது.