பூசியவர் யார்? மன்சோனியின் கொள்ளைநோய் அதிகாரங்கள்

அலெசாந்த்ரோ மன்சோனியின் 'மண ஒப்பந்தமானோர்' என்னும் இத்தாலியப் பெருநாவல் 1827-இல் வெளிவந்தது. 1840-க்கும் 1842-க்கும் இடையில் ஆசிரியரே அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். பிரிந்த ஏழைக் காதலர் இருவர் மீண்டும் சேரும் கதை அது. ஆயினும் 31, 32-ஆம் அதிகாரங்களில் கதையை நிறுத்திவிட்டு, 1630-இல் மிலான் நகரைச் சூறையாடிய கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுகிறார் மன்சோனி. கதைச்சுவை நாடுவோர் இப்பக்கங்களைத் தாண்டிச் செல்வர். நூலின் உயிர் இங்குதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

நோயைவிட, நோயைப் பற்றிய பேச்சே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கொள்ளைநோயே இல்லை என்றனர் முதலில். பின்னர் ஏதோ காய்ச்சல் என்றனர். மறைக்க முடியாதபோது யாரோ நஞ்சைப் பூசிப் பரப்புகின்றனர் என்றனர். உண்மையைச் சொன்ன முதுபெரும் மருத்துவர் லொதோவிகோ செத்தாலாவைத் தெருவில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவரே ஓர் ஏழைப் பெண்ணைச் சூனியக்காரி எனத் தீயிலிட உடந்தையாயிருந்தார் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. தொன் ஃபெர்ராந்தே என்னும் கற்பனை அறிஞரோ, தொற்று என்பது பொருளும் அன்று, பண்பும் அன்று, ஆகவே அது இல்லை என வாதிட்டு, அந்நோயாலேயே மடிகிறார். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நமக்கு இவ்விடத்தில் நகைப்போடு நாணமும் வந்தது.

நம்மை உறங்கவிடாத காட்சி வேறு. ஒரு பெருவிழா நாளில் புனித அந்தோனியார் ஆலயத்தில், எண்பது வயது கடந்த முதியவர் ஒருவர் முழந்தாளிட்டுச் செபித்தபின் அமர விரும்பி, தம் மேலாடையால் இருக்கையின் தூசியைத் துடைக்கிறார். அவர் பூசுகிறார் என்று சில பெண்கள் கூவுகின்றனர். செபித்துக்கொண்டிருந்தவர்கள் அவருடைய நரைத்த தலைமயிரைப் பற்றி அடித்து வெளியே இழுத்துச் செல்கின்றனர். கண்ணால் கண்ட ரிப்பமோந்தி என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்த செய்தி இது.

2020-இல் வெளியூரிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் கிணற்றில் தண்ணீர் எடுக்க நம் பங்கு மக்களே மறுத்தனர். செல்பேசியில் வந்த ஒரு குரல்பதிவே காரணம். அதைப் பரப்பியவர்களுள் அன்பியப் பொறுப்பாளர்களும் இருந்தனர். நாம் அறிந்திருந்தோம், வாய் திறக்கவில்லை.

ஆகவேதான் மன்சோனியிடம் நமக்கு ஒரு வழக்கு உண்டு. புனித சார்லஸ் பொரோமியோவின் திருவுடலைப் பவனியாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்று நகர மன்றத்தார் கேட்டபோது, கர்தினால் ஃபெதெரிகோ பொரோமியோ முதலில் மறுத்தார். கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பின்னர் இணங்கினார். 1630 ஜூன் 11-இல் பவனி நடந்தது. மறுநாளே சாவுகள் பெருகின. மக்களோ நெரிசலைக் குறைகூறவில்லை. நெரிசலுக்குள் நுழைந்த பூசுவோரையே குறைகூறினர். இவற்றையெல்லாம் ஈவிரக்கமின்றி எழுதும் மன்சோனி, கர்தினாலிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். பிழை அறிவினுடையது, மனச்சான்றை மன்னிக்கலாம் என்கிறார். அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்று நம் அறநெறி இறையியலும் கூறும். ஆனால் இங்கே அறியாமை எங்கே? தொற்று பரவும் என்று சொன்னவரே அவர்தாமே! பூசுவோர் பற்றிய கதைகளுள் சிலவற்றை அவரும் நம்பினார் என்பது உண்மை. எனினும் அவர் இணங்கியது அக்கதைகளுக்கு அன்று, கூட்டத்தின் வற்புறுத்தலுக்கு. நல்ல மேய்ப்பர் ஒருவரின் தளர்ச்சியை அறிவுப் பிழை என்று பெயர் மாற்றும்போது, மன்சோனி தாம் கண்டித்த அதே சொல்மாற்றத்தையே செய்கிறார்.

உரோமையிலுள்ள புனித மார்செல்லோ ஆலயத்தின் திருச்சிலுவை 1522-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது வீதிதோறும் பவனி சென்றது. 2020 மார்ச் 27 அன்று அதே சிலுவையின் முன், ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில், மழையில் திருத்தந்தை பிரான்சிஸ் செபித்தார். அப்படத்தைக் கண்ட மறுநாளும் அக்குடும்பத்தாருக்காக நாம் எவரிடமும் பேசவில்லை.

அவ்வீட்டுப் பெரியவர் இன்றும் ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்கிறார். அமருமுன் துண்டால் இருக்கையைத் துடைப்பது அவர் வழக்கம்.